ஊர்க்கடையும் ஊராட்சியும்



வரி, உரிமம், விலைவாசி பற்றியெல்லாம் இந்த இதழில் விவரம் அறிந்தவர்கள் எழுதி வருகிறார்கள். நான் பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு அப்பாவின் மளிகை மண்டியில் உட்கார்ந்தவன். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மொத்த வியாபாரம். புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் அரியாங்குப்பம், நோணாங்குப்பம், தவளக்குப்பம், பூரணாங்குப்பம் என்று லைனுக்குப் போய்ச் சரக்குப் போட்டு வந்தவன். முதலில் மூன்று சக்கர மிதிவண்டி, பிறகு டெம்போ, இப்போது மினி வேன். வண்டி மாறியது, கடைக்காரர் உட்காரும் முக்காலி மாறவில்லை. அந்த முக்காலியைப் பற்றித்தான் இன்று எழுத வருகிறேன்.

போன மாதம் பூரணாங்குப்பத்தில் ஒரு மளிகைக் கடையில் பாக்கி வசூலுக்காக உட்கார்ந்திருந்தேன். மாலை ஆறரை மணி. அரை மணி நேரத்துக்குள் ஆறேழு பேர் வந்து போனார்கள். வந்தவர்கள் வாங்கியது உப்பு, தீப்பெட்டி, கால் கிலோ துவரம் பருப்பு, ஒரு பாக்கெட் எண்ணெய். ஆனால் கேட்டது வேறு.

ஒரு பாட்டி கைப்பேசியை நீட்டி, "பணம் ஏறிடுச்சான்னு பாரு தம்பி" என்றார். முதியோர் உதவித்தொகை. கடைக்காரர் பார்த்துச் சொன்னார். ஓர் இளைஞர் கைப்பேசியில் ஐந்நூறு ரூபாய் அனுப்பிவிட்டு ரொக்கமாக வாங்கிக்கொண்டு போனார். ஒருவர், "குழாய்த் தண்ணி நாளைக்காவது வருமா?" என்று கேட்டார். ஓர் அம்மா ஏதோ விண்ணப்பத்தைக் கொடுத்து, "இதுல எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார். கடைசியாக வந்த பெண் சொன்னார்: "அண்ணாச்சி, எங்க தெரு முனை லைட்டு பத்து நாளா எரியல. டியூஷன் விட்டு வர்ற புள்ளைங்க இருட்டுல வருது. யார்கிட்ட சொல்றது?"

கடைக்காரர், "சொல்லியிருக்கேம்மா. மறுபடியும் சொல்றேன்" என்று பருப்பைக் கட்டிக் கொடுத்தார்.

அந்தப் பெண் போனபின் நான் கேட்டேன், "யார்கிட்ட சொல்லியிருக்கீங்க?"

அவர் சிரித்தார். "ஐயா, லைன்மேன் இந்தப் பக்கமா டீ குடிக்க வந்தா சொல்லுவேன். அவ்வளவுதான். இந்த ஊருல சொல்றதுக்கு யாரு இருக்கா?"

வணிகப் பெருமக்களே, இந்தக் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். நம் கடைகளின் எதிர்காலமே இதற்குள் இருப்பதாகப் பட்டது. அதனால் எழுதுகிறேன்.

ஒரே ஒரு முறை

நான் புதுச்சேரி மாநிலத்து வாக்காளன். சட்டமன்றத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் எத்தனையோ முறை வாக்களித்துவிட்டேன். ஆனால் என் தெருவுக்கு ஓர் உறுப்பினர், என் ஊருக்கு ஒரு தலைவர் என்று தேர்ந்தெடுக்கும் உள்ளாட்சித் தேர்தலில் என் வாழ்நாளில் வாக்களித்தது ஒரே ஒரு முறை. 1968-இல் தேர்தல் நடந்தபோது எனக்கு எட்டு வயது. அடுத்த தேர்தல் 2006-இல் நடந்தது. அப்போது எனக்கு நாற்பத்தாறு. நடுவில் 38 ஆண்டுகள்! அப்படி வந்த மன்றங்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதன்பின் இதை எழுதும் நாள் வரை மறு தேர்தல் இல்லை. இன்று இருபத்தைந்து வயதுள்ள நம் கடைப் பையன்கள் ஒருவருக்கும் கவுன்சிலர் தேர்தலில் ஓட்டுப் போட்ட அனுபவம் கிடையாது.

2021-இல் தேர்தல் வரும் என்று அறிவித்தார்கள். நகராட்சித் தலைவர், நகராட்சி உறுப்பினர், கொம்யூன் பஞ்சாயத்து உறுப்பினர், கிராமப் பஞ்சாயத்துத் தலைவர், வார்டு உறுப்பினர் என மொத்தம் 1,149 பதவிகள். இவற்றில் 812 பதவிகள் கிராம வார்டு உறுப்பினர்களுக்கு. அதாவது நம் பூரணாங்குப்பம் போன்ற ஊர்களின் தெருக்களுக்கு. இடஒதுக்கீடு தொடர்பான வழக்கும் சர்ச்சையும் எழுந்து அந்தத் தேர்தல் நின்றது. நின்றது நின்றதுதான்.

பஞ்சாயத்தின் ஆயுள் ஐந்து ஆண்டுகள், அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிய வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் அது. எடைக் கல்லுக்கு முத்திரை போடும் தேதி ஒரு நாள் தாண்டினால் நம்மிடம் அபராதம் கேட்கிறார்கள். இங்கே பல ஆண்டுகள் தாண்டியும் கேட்பார் இல்லை.

இதில் வேதனை என்னவென்றால், உள்ளாட்சி நமக்குப் புதியதல்ல. பிரெஞ்சு ஆட்சியில் 1880 மார்ச் 12-ஆம் தேதி ஆணைப்படி இங்கே கொம்யூன்கள் அமைந்தன. மேர் என்ற தலைவரும் மன்றமும் வந்தன. பிரிட்டிஷ் இந்தியாவில் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தது 1882-இல். அவர்களுக்கு இரண்டு ஆண்டு முன்னோடி நாம்! அந்தக் காலத்துத் தேர்தல்களில் அடிதடியும் கள்ள ஓட்டும் இல்லாமல் இல்லை. பெரியவர்கள் கதை கதையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் ஊருக்கு ஒரு மன்றம் இருந்தது.

அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி, இந்தியாவோடு இணைவதா வேண்டாமா என்று வாக்களித்தவர்கள் யார்? பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி மன்ற உறுப்பினர்களும்தான். 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நாடே நம் உள்ளாட்சி உறுப்பினர்களின் கைகளை எண்ணித்தான் நம்மைச் சேர்த்துக்கொண்டது. அந்தக் கைகள் இன்று இல்லை.

கடற்கரைச் சாலையில் இருந்த பழைய மேரி கட்டடம் 2014-இல் இடிந்து விழுந்தது. பழைய வடிவம் மாறாமல் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கட்டடம் எழுந்துவிட்டது. மன்றம் எழவில்லை.

இது நம் வியாபாரத்துக்கு என்ன சம்பந்தம்?

சிலர் கேட்பார்கள்: "தேர்தல் அரசியல்வாதிகள் பாடு. சரக்கு விற்கும் நமக்கு என்ன?" நியாயமான கேள்வி. கணக்குப் பார்த்தே சொல்கிறேன்.

முதலாவது, நாம் கொம்யூன் பஞ்சாயத்துக்குப் பணம் கட்டுகிறோம். உரிமக் கட்டணம் கட்டுகிறோம், கட்டட வரி கட்டுகிறோம். ஒரு சங்கத்தில் சந்தா கட்டினால் ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழுவில் எழுந்து நின்று வரவு செலவு கேட்கலாம். கொம்யூனில் அந்தப் பொதுக்குழு இல்லை. ஆணையர் இருக்கிறார், எழுத்தர்கள் இருக்கிறார்கள். அவர்களில் நல்லவர்கள் பலரை நான் அறிவேன். ஆனால் மாற்றல் உத்தரவு வந்தால் அவர்கள் போய்விடுவார்கள். அடுத்து வருபவருக்கு நம் ஊர்ச் சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

இரண்டாவது, குப்பை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. தடை சரி, நான் குறை சொல்லவில்லை. சோதனைக்கு வரும்போது கடைக்குள் வருகிறார்கள். அபராதம் நமக்கு. ஆனால் கடைத்தெருவுக்குத் தொட்டி வேண்டும், வண்டி தினமும் வர வேண்டும் என்று நாம் கேட்டால், எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். எழுதிக் கொடுத்த காகிதம் என்ன ஆனது என்று மறுநாள் போய்க் கேட்க ஒரு வார்டு உறுப்பினர் இருந்திருந்தால் அது அவர் வேலை.

மூன்றாவது, வெளிச்சமும் வடிகாலும். தெருவிளக்கு எரியாத தெருவில் ஏழு மணிக்கு மேல் பெண்கள் கடைக்கு வருவதில்லை. மழை பெய்து முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் மூன்று நாள் வியாபாரம் போச்சு. மெயின் ரோட்டுக்குப் பேருந்து ஏறிப் போகிறவர், அங்கே உள்ள பெரிய கடையில் மாதச் சாமான் முழுவதையும் வாங்கி வந்துவிடுகிறார். நம்மிடம் கடனுக்குத் தீப்பெட்டி மட்டும்தான். விலையில் பெரிய கடையோடு போட்டி போடுவது கஷ்டம். பக்கத்தில் இருக்கிறோம் என்பதுதான் நம் பலம். பக்கத்தில் இருக்கும் கடைக்கு வரும் பாதை இருட்டாக இருந்தால் அந்தப் பலமும் போய்விடும்.

நான்காவது, புயல். தானே புயல் 2011 டிசம்பர் 30-இல் அடித்தது. மன்றங்கள் காலாவதியான அதே ஆண்டு. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை. இந்த இரண்டு புயலின் போதும் நம் கிராமங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினர் கூட இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். எந்த வீட்டில் படுத்த படுக்கையாகக் கிழவர் இருக்கிறார், எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்பதெல்லாம் அதிகாரிகளுக்குத் தெரிய நியாயமில்லை. கடைக்காரருக்குத் தெரியும். அவரைக் கேட்டுத்தான் பாலும் ரொட்டியும் போனது. ஃபெஞ்சலுக்குப் பின் குடும்ப அட்டைக்கு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் நான் சரக்குப் போடும் கடைகளில் நனைந்து வீணான அரிசி, சர்க்கரை மூட்டைகளைப் பற்றி விசாரிக்க ஒருவரும் வரவில்லை. அந்த மூட்டைகளில் பாதிக்குமேல் என் பாக்கிக் கணக்கில் இருந்தவை. கடைக்காரர் எழ முடியவில்லை என்றால் மொத்த வியாபாரியும் எழ முடியாது.

ரேஷன் கடை பற்றி ஓர் உண்மை

இதையும் மறைக்காமல் எழுத வேண்டும். உணவு மானியத்தைப் பணமாகக் கணக்கில் போடும் திட்டத்துக்கு 2015-இல் மத்திய அரசு முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் புதுச்சேரியும் ஒன்று. பின்னர் மாநில அரசின் அரிசிக்குப் பதிலாகவும் பணம் என்றாயிற்று. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. 2024 அக்டோபரில் தீபாவளிக்கு இலவச அரிசியும் சர்க்கரையும் கொடுத்துத்தான் மறுபடி திறந்தார்கள்.

அந்த ஆண்டுகளில் நமக்கு அரிசி வியாபாரம் கூடியது. எனக்கும் கூடியது. சந்தோஷப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் சிட்டையைப் புரட்டினால் இன்னொன்றும் தெரிகிறது. கிராமக் கடைகளின் பற்றும் கூடியது. பணம் கணக்கில் ஏறுவதற்கு ஒரு தேதி, அரிசி தீர்வதற்கு ஒரு தேதி. இரண்டுக்கும் நடுவில் உள்ள நாள்களைக் கடைக்காரர் தம் நோட்டில் எழுதித் தாங்கினார். அவருக்கு நான் தாங்கினேன். அரசு செய்ய வேண்டிய சேவை நின்றபோது அதன் சுமை நம் கல்லாவின் மேல் வந்து உட்கார்ந்தது. ஊரில் ஒரு சேவை மூடினால் நமக்கு லாபம் என்று நினைப்பது தப்புக் கணக்கு. தபால், வங்கி, ரேஷன், பேருந்து எல்லாம் இருக்கும் ஊரில்தான் கடையும் இருக்கும்.

இந்த முடிவுகள் எதிலும் ஊரைக் கேட்கவில்லை. கேட்பதற்கு மன்றமும் இல்லை.

வெளியூர்ப் பாடம்

என் தங்கை மகன் ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கிறான். கிராமத்துக்குப் பக்கத்தில் வீடு. ஊருக்கு வந்திருந்தபோது அவனிடம் பேச்சுக் கொடுத்தேன். அங்கேயும் நம் கதைதானாம்! இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். வங்கிக் கிளைகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. சில இடங்களில் வாரத்துக்கு ஒரு நாள் வங்கி வண்டியே ஊருக்கு வந்து நிற்கிறது. தபால் நிலையம் பல கிராமங்களில் தனியாக இல்லை. மளிகைக் கடையின் ஒரு மூலையில்தான் தபால் வேலையும் நடக்கிறது. கடைக்காரரே ரொட்டியும் விற்கிறார், தபால் தலையும் விற்கிறார். சில ஊர்களில் கடைக்காரர் வயதாகி ஓய்வு பெற்றபோது, கடை மூடினால் ஊரே போய்விடும் என்று ஊர் மக்கள் பங்குப் பணம் போட்டுக் கடையை வாங்கித் தாங்களே நடத்துகிறார்களாம்.

அவன் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை யோசிக்க வைத்தது. அங்கே பெரிய உள்ளாட்சி மன்றங்கள் 32 இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே ஊருக்கு ஊர் சமுதாயக் குழு என்று ஒன்று உண்டு. நாடு முழுவதும் சுமார் 1,200 குழுக்கள். வரி போடும் அதிகாரம் கிடையாது. உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் ஊரில் கட்டடம் கட்ட அனுமதி கேட்டால் குழுவின் கருத்தைக் கேட்டாக வேண்டும். விளக்கு, சாலை, பேருந்து என்று எதுவானாலும் குழு கூடி எழுதினால் மேலே பதில் சொல்கிறார்கள். அங்கேயும் எல்லாம் பொன்மயம் இல்லை. பல ஊர்களில் உறுப்பினராக நிற்கவே ஆள் கிடைப்பதில்லையாம். ஆனாலும் நாற்காலி இருக்கிறது. விரும்புகிறவர் உட்காரலாம்.

அந்தக் குழுக்களை உண்டாக்கிய சட்டம் 1973-ஆம் ஆண்டுச் சட்டம். நம் புதுச்சேரியில் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமும் 1973-ஆம் ஆண்டுச் சட்டம்தான்! ஒரே ஆண்டில் எழுதிய இரண்டு சட்டங்கள். நம் சட்டம் கொடுக்கும் அதிகாரம் அவர்களுடையதைவிட அதிகம். ஆனால் அங்கே குழு கூடுகிறது, இங்கே புத்தகம் அலமாரியில் இருக்கிறது.

மறுப்புகளுக்குப் பதில்

"எம்.எல்.ஏ. இருக்கிறாரே, போதாதா?" என்பார்கள். நம் மாநிலம் சிறியது. முப்பது தொகுதிகள். ஒரு தொகுதிக்குச் சராசரியாக முப்பதாயிரத்துக்கு மேல் வாக்காளர்கள். எம்.எல்.ஏ.வைத் தெருவில் பார்க்க முடிகிறது என்பது உண்மை. அதனால்தான் தெருவிளக்கும் சாக்கடையும் அவர் தலையில் விழுகின்றன. சட்டமன்றத்தில் பேச வேண்டியவர் சாக்கடைக்கு ஜே.சி.பி. பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தச் செல்வாக்கை விட்டுக்கொடுக்க எந்தக் கட்சிக்கும் மனமில்லை என்பது என் கருத்து. தவறாக இருந்தால் தேர்தலை நடத்திக் காட்டட்டும், நான் ஒப்புக்கொள்கிறேன்.

"கவுன்சிலர் வந்தால் மாமூல் கேட்க இன்னொரு கை கூடும்" என்பது நம்மவர்கள் காதோடு சொல்லும் மறுப்பு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2006-இலிருந்து 2011 வரை நான் லைனுக்குப் போன ஊர்களில் இரண்டு விதமான உறுப்பினர்களையும் பார்த்தேன். ஒருவர் கடை கடையாக நன்கொடை நோட்டோடு வந்தார். இன்னொருவர் இரவு பத்து மணிக்குக் கடை சாத்தும் நேரத்தில் வந்து, குழாய் உடைந்த இடத்தைத் தாமே டார்ச் அடித்துப் பார்த்து, மறுநாள் காலையில் ஆளைக் கூட்டி வந்தார். ஏன் வந்தார்? அதே தெருவில்தான் அவர் வீடு. அவர் மனைவியும் அதே குழாயில்தான் தண்ணீர் பிடித்தார். நன்கொடை நோட்டோடு வந்தவரை ஐந்து ஆண்டில் வீட்டுக்கு அனுப்ப நமக்கு ஒரு வாய்ப்பு வந்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பைத்தான் நம்மிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

தேர்தல் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. சங்க நிர்வாகிகளின் பரிசீலனைக்குச் சில யோசனைகளை வைக்கிறேன்.

1. கிராமக் கடை ஒவ்வொன்றிலும் ஒரு புகார் நோட்டு வைப்போம். எண்பது பக்க நோட்டு போதும். தேதி, தெரு, என்ன குறை, எந்த அலுவலகத்தில் எப்போது கொடுத்தோம், எப்போது சரியானது என்று ஐந்து கட்டம். பற்று நோட்டு எழுதும் நமக்கு இது பெரிய வேலை அல்ல.

2. குடிநீர் ஒரு துறை, மின்சாரம் ஒரு துறை, வடிகால் கொம்யூன், நெடுஞ்சாலை வேறு. எதை எங்கே சொல்வது என்று தெரியாததால்தான் பாதிக் குறைகள் நின்றுபோகின்றன. அலுவலகங்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட அட்டை ஒன்றைச் சங்கம் தயாரித்துக் கடைகளில் மாட்ட வேண்டும். அச்சுச் செலவில் ஒரு பங்கை நான் ஏற்கிறேன்.

3. மாதத்தின் முதல் வாரத்தில் ஊருக்கு ஒருவர் நோட்டின் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்க வேண்டும். வாய்ச்சொல்லுக்குப் பதில் இல்லை, முத்திரைக்குப் பதில் உண்டு. பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சண்டை வேண்டாம், கேள்வி போதும்.

4. நோட்டில் கட்சி புகக் கூடாது. எந்தக் கட்சிக்காரர் தெருவானாலும் விளக்கு விளக்குதான். சங்கப் பெயரில் யாரும் தேர்தலில் நிற்கவும் கூடாது. நம் கோரிக்கை தேர்தல் வேண்டும் என்பது மட்டுமே.

5. மே 5 வணிகர் தினக் கூட்டத்தில் உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றி, முதலமைச்சருக்கும் துணைநிலை ஆளுநருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் அனுப்ப வேண்டும். வரி குறைப்புத் தீர்மானங்களோடு பத்தோடு பதினொன்றாக அல்ல, முதல் தீர்மானமாக.

6. கடைசியாக ஒன்று, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. வாய்க்கால் மேல் பலகை போட்டுச் சரக்கு அடுக்கியிருப்பவர்கள் நம்மில் உண்டு. அட்டைப் பெட்டியையும் சாக்குத் துண்டையும் இரவில் வாய்க்காலில் தள்ளுபவர்களும் உண்டு. மழைத் தண்ணீர் வடியவில்லை என்று புகார் நோட்டில் முதல் வரி எழுதும் முன்பு அந்தப் பலகையை எடுத்துவிடுவோம். நம் தராசு நேராக இருந்தால்தான் அடுத்தவர் தராசைக் கேட்க முடியும்.

முடிவாக

பூரணாங்குப்பத்துக் கடைக்காரருக்கு வயது ஐம்பத்தெட்டு. மகன் கம்பெனி வேலைக்குப் போகிறான். கடைக்கு வரமாட்டான். "இன்னும் ரெண்டு வருஷம் பார்த்துட்டு மூடிடலாம்னு இருக்கேன் ஐயா" என்றார். அந்தக் கடை மூடினால் என் லைனில் ஒரு பெயர் குறையும், அவ்வளவே. ஆனால் அந்தப் பாட்டி யாரிடம் கைப்பேசியை நீட்டுவார்? விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் இடத்தை அந்த அம்மாவுக்கு யார் காட்டுவார்கள்? புயல் நாளில் எந்த வீட்டில் கிழவர் தனியாக இருக்கிறார் என்று யார் சொல்வார்கள்?

ஊர்க்கடைக்காரர் இத்தனை ஆண்டுகளாகச் சம்பளமில்லாத கவுன்சிலராக இருந்துவிட்டார். ஓட்டுப் போட்டு யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதிகாரமும் அவருக்கு இல்லை. குறையை மட்டும் கேட்டுக்கொள்கிறார். அவர் தோளிலிருந்து அந்தச் சுமையை இறக்கி, அதற்கு உரியவரிடம் கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அப்போதுதான் அவர் கடையைக் கவனிக்க முடியும். அவர் மகனோ, வேறு யாருடைய மகனோ அந்த முக்காலியில் உட்கார முன்வருவான்.

இந்த வாரம் மறுபடி லைனுக்குப் போனேன். தெரு முனை விளக்கு இன்னும் எரியவில்லை. கடைக்காரர் தம் கடையின் இணைப்பிலிருந்தே ஒரு வயரை இழுத்து வெளியே ஒரு பல்பு மாட்டியிருந்தார். டியூஷன் பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். மின்கட்டணம் அவர் கணக்கில். நான் அன்றைக்குப் பாக்கி கேட்கவில்லை. ஒரு புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். முதல் வரியாக அந்த விளக்கைத்தான் எழுதினோம்.

உங்கள் ஊர்க் கடையிலும் ஒரு நோட்டு திறக்கட்டும்.